“சீரியல் பாக்குறதெல்லாம் ஒரு வேலையா சார்?” – டிவி விமர்சகரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

11 வருடமாக ஒரு தமிழ் நாளிதழில் சனிக்கிழமைதோறும் டிவி நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதி வருகிறேன். கல்யாணப் பந்தி, ரயில் பெட்டி, வாசகர் கடிதம், சொந்தக்காரர் வீட்டுத் திண்ணை என்று எங்கே போனாலும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகள் எல்லாம் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன.

“நெஜமாவே எல்லா சீரியலையும் பாக்குறீங்களா சார்?”

இல்லை. ஒரு மனிதனால் முடியாது. புதுத் தொடர் தொடங்கினால் முதல் வாரத்தை முழுதாகப் பார்ப்பேன். அப்புறம் மாதத்தில் ஏதாவது ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டு திங்கள் முதல் சனி வரை விடாமல் பார்ப்பேன். போனில் ஓட்டி ஓட்டிப் பார்ப்பதில்லை. விளம்பரத்தோடு, அந்த நேரத்தில், டிவியில்தான் பார்ப்பேன். வீட்டில் இருப்பவர்கள் அப்படித்தானே பார்க்கிறார்கள்?

பெரும்பாலும் அம்மாவோடு உட்கார்ந்து பார்ப்பேன். அவர் எதிரே ஒரு முறம் இருக்கும். அதில் முருங்கைக்கீரையோ சின்ன வெங்காயமோ இருக்கும். கை உருவிக்கொண்டோ உரித்துக்கொண்டோ இருக்க, கண் முறத்தில்தான் இருக்கும், காது மட்டும் டிவியில். வசனமும் பின்னணி இசையும் ஓடிக்கொண்டிருக்கும் வரை நிமிரமாட்டார். சட்டென்று எல்லாம் அடங்கி அமைதியாகும் பாருங்கள், அந்த நொடியில் தலை தூக்குவார். ஏதோ நடக்கப்போகிறது என்று அவருக்குத் தெரியும். சீரியல் எப்படிச் செய்யப்படுகிறது என்பதை நான் முதலில் கற்றுக்கொண்டது அம்மாவின் அந்தத் தலையசைவிலிருந்துதான்.

“சினிமாவுக்கு விமர்சனம் சரி. டிவிக்கு எதுக்கு? புடிக்கலைன்னா சேனலை மாத்திட்டுப் போயிடலாமே?”

சினிமாவில் போவது டிக்கெட் காசும் இரண்டரை மணி நேரமும். டிவியில் போகும் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு அரை மணி என்றால் ஒரே ஒரு தொடருக்கு வருடத்துக்கு 156 மணி நேரம். தேவயானி நடித்த ‘கோலங்கள்’ 2003-இல் தொடங்கி 2009 வரை 1,500 எபிசோடுகளுக்கு மேல் ஓடியது. அதை விடாமல் பார்த்தவர் 750 மணி நேரம் கொடுத்திருக்கிறார். இரவு பகல் தூங்காமல் ஒரு மாதம் முழுக்கப் பார்த்ததற்குச் சமம். ஒரு மனுஷி தன் வாழ்க்கையில் அவ்வளவு நேரத்தை ஒரு கதைக்குக் கொடுக்கிறார் என்றால், அந்தக் கதை அவருக்கு நேர்மையாக நடந்துகொள்கிறதா என்று யாராவது ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் செய்வது அந்த வேலை.

“ஒரு கதவைத் தொறக்க ஏன் ஒரு வாரம் ஆகுது? ஒவ்வொரு மூஞ்சியா ஏன் காட்டிக்கிட்டே இருக்காங்க?”

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் போடக் கூடாது என்பது விதி. அப்படிப் பார்த்தால் அரை மணிக்கு 6 நிமிடம். மீதியில் முன்கதை, டைட்டில் பாட்டு, நாளைய ப்ரோமோ எல்லாம் போனால் புதுக் காட்சிக்கு 20 நிமிடம் போல மிஞ்சும். அந்த 20 நிமிடத்தையும் வாரத்துக்கு ஆறு முறை எடுத்தாக வேண்டும். கையிருப்பாக நாலைந்து எபிசோடு இருந்தால் அந்த யூனிட் நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தம். இருப்பு கரைந்துவிட்டால் இன்றைக்கு எடுத்தது அவசர அவசரமாக எடிட்டிங், டப்பிங் முடிந்து ஓடும்.

ஒருமுறை சென்னையில் ஒரு ஷூட்டிங் வீட்டுக்குப் போயிருந்தேன். சீன் பேப்பர் காலை பத்தரைக்குத்தான் வந்தது. நடிகர்கள் மனப்பாடம் செய்ய நேரமே இல்லை. உதவி இயக்குநர் ஒருவர் கேமராவுக்குப் பின்னால் நின்று வசனத்தை வரி வரியாகச் சொல்ல, நடிகை அதை வாங்கி அழுதுகொண்டே பேசினார். இதற்கு ப்ராம்ப்டிங் என்று பெயர். மதியம் ஒரு முக்கிய நடிகர் வேறு ஷூட்டிங்குக்குப் போக வேண்டியிருந்தது. உடனே அவருடைய க்ளோசப் ஷாட்களை எல்லாம் வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டார்கள்: அதிர்ச்சி, கோபம், கண்ணீர், மறுபடி அதிர்ச்சி. அவர் எதைப் பார்த்து அதிர்ச்சியாகிறார் என்று அப்போது அங்கே யாருக்கும் தெரியாது. நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கும் அந்த முகங்கள் இப்படித்தான் சேர்கின்றன.

அம்மாவின் காதைப் பற்றி முதல் பதிலில் சொன்னேன் அல்லவா? இழுப்பதற்கு இன்னொரு காரணம் அது. கேட்டுக்கொண்டே வேலை செய்பவர்களுக்காகத்தான் வசனம் எழுதுகிறார்கள். “உன் புருஷனோட தங்கச்சி மாலதி இருக்காளே” என்று யாராவது பேசினால் நமக்குச் செயற்கையாகத் தெரியும். நடுவில் அடுப்பை அணைத்துவிட்டு வந்தவருக்கு அது வழி சொல்லும் பலகை. இந்த அளவு நியாயத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். எழுத ஒன்றும் இல்லாததால் ஒரே செய்தியை எட்டுப் பேர் எட்டு அறையில் பேசுவதைத்தான் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

“நல்ல சீரியல்னு எதை வச்சுச் சொல்றீங்க?”

என் முதல் கேள்வி, இந்த வீட்டில் பணம் எங்கிருந்து வருகிறது என்பது. பங்களாவில் பத்துப் பேர் பட்டுப்புடவையில் நிற்கிறார்கள், யாரும் வேலைக்குப் போவதாகத் தெரியவில்லை என்றால் அந்தக் கதையில் மனிதர்கள் இல்லை. அடுத்து, அந்தப் பெண்ணுக்குத் தனக்கென்று ஏதாவது ஆசை இருக்கிறதா என்று பார்ப்பேன். பொறுத்துப் போவதும் அழுவதும் ஆசை ஆகாது. ‘கோலங்கள்’ நாயகி அபிக்குக் கட்டடத் தொழில் இருந்தது. அதில் அவள் ஜெயிக்க நினைத்தாள், அதனால்தான் மற்றவர்கள் அவளைத் தடுப்பதும் கதையானது. ‘மெட்டி ஒலி’யில் தாயில்லாத ஐந்து பெண்களைத் தனியாக வளர்த்த ஒரு தகப்பன், ஒவ்வொருத்தியாகக் கட்டிக்கொடுத்துவிட்டு அவள் போன வீட்டு வாசலில் தயங்கி நிற்கிறார். டெல்லி குமார் அந்தத் தயக்கத்தை நடித்த விதத்தில் பேச்சே தேவைப்படவில்லை. பெண்ணைப் பெற்ற வீடுகளில் ஊருக்கு ஊர் இருந்த பயம் அது.

அழுகை இருந்தால் மட்டம் என்ற அளவுகோல் எனக்குக் கிடையாது. நம் ஊரில் ஒப்பாரியே ஒரு கலை. எதற்காக அழுகிறாள் என்று எனக்குப் புரிந்தால் போதும்.

“அந்தக் காலத்து சீரியல் மாதிரி இப்ப வருமா?”

சென்னைத் தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. அதன் பிறகு பல வருடங்கள் தொடர் என்றாலே வாரத்துக்கு ஒரு நாள், 13 வாரம் என்பதுதான் கணக்கு. பாலசந்தர் ‘ரயில் சிநேகம்’ எடுத்தது அந்தக் காலத்தில். சன் டிவி 1993 ஏப்ரல் 14-இல் வந்தது. அதிலும் முதலில் வாராந்திரத் தொடர்கள் நிறைய. நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ வந்த நாட்களில் நாங்கள் போர்வைக்குள்ளிருந்து பார்த்தோம். வாரத்துக்கு அரை மணி எழுதுவதும் மூன்று மணி எழுதுவதும் வேறு வேறு வேலை. 1999-இல் ராதிகாவின் ‘சித்தி’ தொடங்கி ஊரையே இரவில் வீட்டுக்குள் உட்கார வைத்ததிலிருந்து தினசரித் தொடர்தான் ராஜா.

ஆனால் பழையது எல்லாம் பொன் என்று சொல்லமாட்டேன். 2020 ஊரடங்கில் ‘மெட்டி ஒலி’யை மறுபடி போட்டபோது மறுபடி பார்த்தேன். அந்தத் தகப்பன் சிதம்பரம் வரும் காட்சிகள் இன்றைக்கும் நெஞ்சைப் பிடிக்கின்றன. மாமியார் கொடுமைக் காட்சிகளில் பாதி, அன்றைக்கும் தேவையில்லாத நீளம். ஞாபகம் நீளத்தை வெட்டி எறிந்துவிட்டு நல்லதை மட்டும் வைத்துக்கொள்கிறது.

“டிஆர்பின்னா என்ன? எங்க வீட்டுக்கு யாரும் வந்து கேட்டதே இல்லையே?”

எந்த நிகழ்ச்சியை எவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்ற அளவுதான் டிஆர்பி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு. 2015 முதல் பார்க் (BARC) என்ற அமைப்பு இந்த வேலையைச் செய்கிறது. நாடு முழுக்க 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் ஒரு மீட்டர் பொருத்தியிருக்கிறார்கள். சேனல் ஒலியோடு, நம் காதுக்குக் கேட்காத ஒரு குறியீடும் சேர்ந்து வரும். மீட்டர் அதைப் பிடித்து எந்தச் சேனல் என்று கண்டுகொள்ளும். டிவி முன் உட்கார்ந்தவர் ரிமோட்டில் தனக்குரிய பொத்தானை அழுத்த வேண்டும். எந்த வீடு என்பது ரகசியம். தமிழ்நாட்டு வீடுகளின் எண்ணிக்கைக்கு முன் இது மிகச் சிறிய பங்கு, அதனால் உங்கள் வீட்டுக்கு வராததில் ஆச்சரியம் இல்லை.

பானையில் எடுத்த சோறு சரியானதா என்ற சண்டையும் உண்டு. மீட்டர் வீடுகளுக்குப் பணம் கொடுத்துக் கணக்கைத் திரித்தார்கள் என்று 2020 அக்டோபரில் மும்பைப் போலீஸ் குற்றம் சாட்டியது. அதன் பிறகு செய்திச் சேனல்களின் ரேட்டிங் வெளியீட்டை நிறுத்தி, 2022 மார்ச்சில்தான் மறுபடி தொடங்கினார்கள்.

வியாழக்கிழமை டிஆர்பி எண் வரும். சரிந்திருந்தால் வெள்ளிக்கிழமை கதையே திரும்பும். காணாமல் போனவர் வருவார், கர்ப்பம் கலையும், இரண்டு தொடர்க் குடும்பங்கள் ஒரே கோயிலில் சந்தித்து ‘மகாசங்கமம்’ நடக்கும். பார்க்கிறவர்களுக்கு “இது எங்கேயோ போகுதே” என்று தோன்றும் வாரங்களில் பெரும்பாலும் இதுதான் காரணம்.

“‘இவருக்குப் பதில் இவர்’னு ஒரு வரி போட்டா போதுமா? நாங்க ஏத்துக்கணுமா?”

நான் இதைக் குறையாக எழுதியதே இல்லை. நாடகக் கொட்டகையில் ராஜபார்ட் மாறினால் ஊர் ஏற்றுக்கொண்டதே, அதே மனசுதான். முகம் போனாலும் பாத்திரம் எழுத்தில் நிற்கிறதா என்று தெரிந்துவிடும், அதனால் அது ஒரு நல்ல சோதனையும்கூட.

‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-இல் காலமானார். “இந்தாம்மா... ஏய்” என்று அவர் கூப்பிடுவதை ஊரே பேசிக்காட்டிக்கொண்டிருந்த நேரம். குரலை ஏற்றாமலே, பெண்கள் பேச்சைக் கையசைப்பில் தள்ளிவிடும் ஆளாக நடித்தார். எத்தனையோ வீடுகளில் அப்படி ஒரு பெரியப்பாவோ மாமனாரோ உண்டு என்பதால்தான் அது அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது. அவர் இடத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல நடிகர், கனமான குரல். ஆனால் மிரட்டல் கூடியது, பழைய குணசேகரனிடம் இருந்த அன்றாடத் தன்மை குறைந்தது. பாத்திரத்தில் பாதி மாரிமுத்துவே எழுதியது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

“பாதி சீரியல் ரீமேக்காமே? அப்ப அது நம்ம கதையே இல்லையே?”

‘பாக்கியலட்சுமி’யின் மூலம் ‘ஸ்ரீமயீ’ என்ற வங்காளத் தொடர். இந்தி ‘அனுபமா’வும் அதே கிளை. சரி, எதிர்ப்பக்கமும் பாருங்கள். நம் ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி, மராத்தி என்று போயிருக்கிறது. வேறு ஊர்க் கதை வருவதில் தப்பில்லை. வந்த கதை நம் சமையலறையில் பழகுகிறதா என்பதுதான் கேள்வி. பாக்கியா தன் சமையலை வைத்தே சம்பாதிக்கத் தொடங்கியபோது, ஊறுகாய் போட்டும் பொடி இடித்தும் பிள்ளைகளைப் படிக்க வைத்த எத்தனையோ பெண்கள் அதில் தங்களைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் அது தமிழ்க் கதையாகிவிட்டது.

“பிக் பாஸ் எல்லாம் ஸ்கிரிப்ட்தானே, உண்மையைச் சொல்லுங்க?”

போட்டியாளர்களுக்கு வசனம் எழுதிக் கொடுத்ததற்கு என்னிடம் ஆதாரம் இல்லை, அதனால் அப்படி எழுதமாட்டேன். எடிட்டிங்கே ஓர் எழுத்து என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். 1999-இல் நெதர்லாந்தில் பிறந்த வடிவம் இது, தமிழுக்கு 2017-இல் வந்தது. நாளுக்கு 24 மணி நேரம் கேமராக்கள் ஓடும், நாம் டிவியில் பார்ப்பது ஒன்றரை மணி நேரத்துக்குள். விட்டதுதான் அதிகம். ஒருவர் பேசி முடித்ததும் இன்னொருவர் உதட்டைச் சுழிப்பதைக் காட்டுகிறார்கள் அல்லவா? அந்தச் சுழிப்பு அதே பேச்சுக்கானதா என்று அவர் பின்னால் இருக்கும் வெளிச்சத்தையும் கையில் இருக்கும் டம்ளரையும் பாருங்கள். சில நாள் டம்ளர் இருக்கும், அடுத்த ஷாட்டில் இருக்காது.

முதல் ஏழு சீசன்களை நடத்திய கமல்ஹாசன் வார இறுதியில் ஒரு சபை நடத்தினார். புத்தகம் பேசினார், சுற்றி வளைத்துக் குத்தினார். 2024-இல் வந்த விஜய் சேதுபதி நேரடியாகக் கேட்கிறார், பேச்சை வெட்டுகிறார். எனக்குக் கமலின் பொறுமை பிடிக்கும். ஆனால் பலர் நடுவில் அவமானப்படுத்தி வாங்கும் மன்னிப்பை எந்த சீசனிலும் என்னால் ரசிக்க முடியவில்லை.

“நீங்க மட்டம்னு எழுதினது ஹிட் ஆயிடுச்சே, இப்ப என்ன சொல்றீங்க?”

ஹிட் ஆனதால் கருத்தை மாற்றிக்கொள்ளமாட்டேன். நான் பார்க்கத் தவறியது இருந்தால் மாற்றிக்கொள்வேன், அதை எழுதியும் விடுவேன். 2019-இல் ‘குக் வித் கோமாளி’ என்ற சமையல் போட்டி வந்தபோது, சமையலும் இல்லை, காமெடியும் இல்லை என்று எழுதினேன். இரண்டாவது சீசனில்தான் விளங்கியது. கடிகாரம் ஓடுகிறது, சமைப்பவருக்கு அவசரம், ஜோடியாக வரும் கோமாளிக்குச் சமைக்கத் தெரியாது, ஆனாலும் அவரை நம்பித்தான் வெங்காயம் நறுக்கியாக வேண்டும். அந்த நெருக்கடியிலிருந்து சிரிப்பு தானாக வருகிறது. யாரையும் தாழ்த்தாமல் ஒன்றரை மணி நேரம் சிரிக்க வைப்பது சின்ன வேலை இல்லை. என் முதல் கட்டுரை தவறு என்று அதே பத்தியில் எழுதினேன்.

“சேனல்காரங்க காசு குடுத்தாத்தானே நல்லா எழுதுவீங்க?”

வாங்கியதில்லை. ஷூட்டிங் பார்க்கப் போனால் என் செலவில் போவேன். பரிசுப் பெட்டி வந்தால் திருப்பி அனுப்புவேன். ஆனால் கேள்வியில் உள்ள சந்தேகம் நியாயமானது. என் பத்திக்குக் கீழேயே சேனல் விளம்பரம் வரும் வாரங்கள் உண்டு. முன்பு நான் எழுதிய ஓர் இதழில், ஒரு புதுத் தொடரைப் பற்றிய நான்கு வரிகளை என்னைக் கேட்காமல் எடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் அங்கே எழுதுவதை நிறுத்திக்கொண்டேன். இதற்கு மேல் என் வார்த்தையை நம்புவதும் நம்பாததும் நீங்கள் என் பத்தியைத் தொடர்ந்து படித்து முடிவு செய்ய வேண்டியது.

“சீரியல் பாத்துத்தான் குடும்பம் கெடுதுன்னு சொல்றாங்களே, நிஜமா?”

மாமியார் மருமகள் சண்டை டிவி வருவதற்கு முன்பே இருந்தது. எல்லாப் பழியையும் சீரியல்மேல் போடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில் கிரிக்கெட்டோ செய்தியோ பார்க்க முடியாமல் போன ஆண்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் என்னால் சமாதானம் ஆக முடியவில்லை. கட்டாயத் தாலி. பெண்ணுக்குத் தெரியாமலோ, அவள் வேண்டாம் என்ற பிறகோ, கோயிலில் ஒருவன் அவள் கழுத்தில் தாலியைக் கட்டிவிடுவான். மணி அடிக்கும், காற்றில் குங்குமம் பறக்கும், அவள் கண்ணில் நீர் வரும், எல்லாம் மூன்று முறை. அப்புறம் நூறு எபிசோடில் அவன் நல்லவன் என்று அவள் உணர்வாள், அது காதல் ஆகிவிடும். வெவ்வேறு சேனல்களில், வெவ்வேறு பெயர்களில் இதை எத்தனை முறை பார்த்துவிட்டேன் என்று கணக்கில்லை. அவள் போலீசுக்குப் போகக் கூடாதா? தாலியைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகக் கூடாதா? பதினாறு வயதுப் பெண்ணும் பையனும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில், ஒரு குற்றத்தைக் கல்யாணம் என்று காட்டுகிறார்கள். டிஆர்பி எவ்வளவு வந்தாலும் இதை நான் எதிர்த்துத்தான் எழுதுவேன்.

நீங்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. செய்தி தவிர்த்த சேனல்களின் நிகழ்ச்சிகள் மீதான புகார்களைக் கேட்க 2011 முதல் பிசிசிசி (BCCC) என்ற குழு இருக்கிறது. தொடர் பெயர், சேனல், தேதி, நேரம், என்ன காட்சி என்று தெளிவாக எழுதினால் போதும். முதலில் சேனலுக்கே எழுதலாம். கோபமாக நாலு பக்கம் எழுதுவதைவிட, காட்சியைச் சரியாக விவரித்த நாலு வரிக்கு மதிப்பு அதிகம்.

“எங்க அம்மா உயிரா பாக்குற சீரியலை நீங்க கேவலமா எழுதிட்டீங்க. அவங்க மனசு நொந்துபோச்சு. இது தேவையா?”

கோவையிலிருந்து ஒரு பெண் எழுதிய கடிதம் இது. படித்துவிட்டு என் பழைய பத்தியை எடுத்துப் பார்த்தேன். தொடரைத் திட்டிய இடங்களை இன்றும் அப்படியே வைத்திருப்பேன். “இதையும் உட்கார்ந்து பார்க்கிறார்களே” என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காக அவருக்கு மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதினேன். பார்ப்பவரைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமைக் கட்டுரையையும் அனுப்பும் முன் அந்த ஒரு விஷயத்துக்காக மட்டும் ஒருமுறை படித்துவிடுகிறேன்.

என் அம்மாவும் அதே தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பத்தியை முழுதாகப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “நீ எழுதினது சரிதான்டா. ஆனா அந்தப் பொண்ணு அந்த வீட்டை விட்டு எப்ப வெளிய வரான்னு பாக்கணும்ல” என்றார். மணி எட்டாகியிருந்தது. முறத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நானும் நோட்டை எடுத்துக்கொண்டேன்.